கழுவும் கைகள்

ஒரு நிலத்தைச் சட்டம் காக்கிறதா, கைகள் காக்கின்றனவா? அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களை முன்வைத்து இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த நிலங்களை யாரும் விற்றுவிடவில்லை. பூங்காச் சேவையை உருவாக்கிய 1916ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் நடந்தது வேறு. அச்சேவையின் ஊழியர்களில் சுமார் ஆயிரம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள், பதவி உயர்வு பெற்று மீண்டும் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்கள். யார் வேலை தேவையற்றது என்று எவரும் பார்க்கவில்லை. யாரை எளிதாக நீக்கலாம் என்று பார்த்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆனால் மே மாத நிதிநிலை முன்மொழிவு, பூங்காக்களை நடத்தும் செலவில் 90 கோடி டாலருக்கு மேல் வெட்டச் சொன்னது.

நீக்கப்பட்டவர்களில் ஒருவர், யோசெமிட்டி பூங்காவில் பூட்டும் சாவியும் பார்த்துவந்த ஒரே ஆள். மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த இடத்தில் ஒரே ஆள்! நிலத்தை விற்றால் ஊர் கூடும். பூட்டுக்காரரையும் துப்புரவாளரையும் வீட்டுக்கு அனுப்பினால் யார் கூடுவார்கள்?

பெண்களுக்கு இது பழகிய கதை. வீட்டுவேலை செய்தால் கண்ணில் படாது, செய்யாமல் விட்டால்தான் படும். 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள் அமெரிக்க அரசுப் பணிகள் முடங்கியபோது, பல பூங்காக்கள் போதிய ஊழியர் இல்லாமலே திறந்திருந்தன. கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. ஜோஷுவா ட்ரீ பூங்காவில், ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தாமாகவே வந்து கழிப்பறைகளைக் கழுவினார்கள்.

அவர்களை வணங்கலாம். ஆனால் 'அன்புள்ளவர்கள் சும்மாவே செய்கிறார்களே, சம்பளம் எதற்கு' என்று அதையே அரசு கொள்கையாக எடுத்துக்கொண்டால், அந்தக் குரல் நமக்குத் தெரிந்த குரல்தான். தாய்மைக்கு விலை உண்டா என்று கேட்டுக் கேட்டே நம் உழைப்பைக் கணக்கில் ஏற்றாமல் விட்ட குரல். அன்பு ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும். ஒவ்வொரு நாளும், மழையிலும் பனியிலும் அதே வேலையைச் செய்ய ஆளுக்குச் சோறு வேண்டும், கூரை வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் ஒதுக்க முடியாது. 'மனிதக் கை படாத காடு' என்ற பெருமையே பொய்யில் நிற்கிறது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் ஆயுதப் படை விரட்டியது. அவர்கள் புதர்களைத் திட்டமிட்டு எரித்துப் புல்வெளிகளைத் திறந்துவைத்தவர்கள். அங்கிருந்த ஓக் மரங்களின் கொட்டையைப் பொறுக்கி, இடித்து, கசப்பைக் கழுவி உணவாக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வந்தவர்கள் வியந்த அழகில் அந்தக் கைகளும் இருந்தன. அக்கைகளை மறைத்துத்தான் 'தானாக நிற்கும் இயற்கை' என்ற படம் வரையப்பட்டது. தானாக நிற்பதற்குக் காவலாள் எதற்கு என்று இன்று கேட்பவர்கள் அதே படத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். விரட்டப்பட்டவர்களுக்கு நிலத்தில் உள்ள உரிமையும், கழிப்பறை கழுவுகிறவரின் சம்பளமும் எனக்கு இரண்டு வழக்குகளாகத் தெரியவில்லை.

அந்தப் பிப்ரவரியில் ஊழியர்கள் எல் கபிட்டான் பாறையில் அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஆபத்தில் இருப்பவர் காட்டும் அடையாளம் அது. அந்திவெயிலில் நெருப்பாய் ஒளிரும் அருவியைப் படமெடுக்க வந்த கூட்டம் கீழே கேமராக்களோடு நின்றது. அன்று சிலராவது கேமராவைக் கொடியின் பக்கம் திருப்பினார்கள்.