நினைத்தலும் நடுவுநிலைமையும்

இறந்தோரைப் பற்றி நல்லதையே பேசுதல் வேண்டும் என்பது பல சமுதாயங்களிலும் காணப்படும் ஒரு கொள்கை. யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே இக்கொள்கை ஒரு நூல் வடிவத்தையே பெற்றுள்ளது. ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில், அந்தியேட்டிக் கிரியைகளை ஒட்டி வெளியிடப்படும் ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூலில் அவரது குலமும் தொழிலும் கொடையும் மக்கட்பேறும் செய்யுளாகவும் உரையாகவும் போற்றப்படுகின்றன. குறை கூறும் கல்வெட்டைக் காண்பது அரிது. இம்மரபிலுள்ள பரிவை எவரும் மறுக்க இயலாது. எனினும், நாம் அன்பு செலுத்திய ஒருவரை நினைக்கும்போது அவருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது புகழ்ச்சியா, உண்மையா என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது. எனக்கு இவ்வினா நூல்களைக் கற்றதனால் எழுந்ததன்று; ஒரு கல்வெட்டை எழுத நேர்ந்ததனால் எழுந்தது.

எனது தாய்வழிப் பாட்டனார் வல்வெட்டித்துறையில் தண்டையலாக இருந்தவர். பாய்க்கப்பலைச் செலுத்தும் தலைவனை அவ்வூரார் அவ்வாறே அழைப்பர். சோளகக் காற்றில் வங்கக் கடலைக் கடந்து பர்மாவுக்குச் செல்வதும், வாடை பிறந்தபின் அரிசியும் தேக்கும் ஏற்றித் திரும்புவதும் அவ்வூர்க் கப்பல்களின் அக்கால வழக்கம். அக்கடலோடிகளின் திறமைக்கு ஒரு சான்று கூறலாம். அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. என் பாட்டனார் அக்கப்பலிற் சென்றவரல்லர். ஆயினும் அத்தகையோரிடையே வளர்ந்து, அவர்களுள் ஒருவராக வாழ்ந்தவர்.

பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கு அவர் ஒரு காவியத் தலைவர். மாலை வேளைகளில் திண்ணையில் இருந்தபடி, பாய் கிழிந்த இரவையும், சுக்கான் கைவிட்ட பொழுதையும், குடிநீரைச் சிரட்டையால் அளந்து பகிர்ந்த நாட்களையும் அவர் கூறுவார். எக்கதையாயினும் அது ஓரிடத்திலேயே முடியும்: கப்பல் நங்கூரமிடும், அவர் வள்ளத்திலிருந்து இறங்கி, முழங்காலளவு நீரில் நடந்து கரையேறுவார். கரையேறிய பின் நடந்ததை அவர் ஒருநாளும் கூறியதில்லை. கதை அவ்விடத்தே முடிந்துவிட்டது என்றே நாங்கள் எண்ணினோம்.

அவர் காலமாகி இன்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அப்போது பல்கலைக்கழக மாணவனாக இருந்த என்னிடமே கல்வெட்டின் உரைநடைப் பகுதியை எழுதும் பொறுப்பு விடப்பட்டது. 1930களில் அவர் சென்ற ஒரு பயணத்தில் நேர்ந்த புயலையும், அப்பயணத்தின் முடிவில் அவர் கொண்டுவந்த தேக்குமரப் பெட்டியையும் விரிவாக எழுதினேன். அதனைப் படித்துக் காட்டியபோது என் தாயார் முழுவதையும் கேட்டிருந்து விட்டு, “மோனை, அந்தப் பெட்டி வந்த வருசந்தானே தம்பியும் போனவன். அதை ஏன் நீ எழுதேல்லை?” என்றார். அதுவரை நான் அறியாத செய்தி அது. தாயாருக்கு இளையவனாகிய நான்கு வயதுச் சிறுவன், தந்தையின் கப்பல் வருவதற்கு நாற்பது நாட்களுக்கு முன் காய்ச்சலால் இறந்திருக்கிறான். அயலார் அவனை எடுத்துச் சென்றபோது ஆச்சி வாயிலில் தனித்து நின்றிருக்கிறார். “செத்த மனிசனிலை குறை சொல்லுறதே?” என்றார் மாமா. “குறை சொல்லேல்லை அண்ணை, நடந்ததைச் சொல்லுறன்” என்றார் தாயார். மாமாவின் விருப்பப்படியே கல்வெட்டு அச்சாகியது. நான் மறுத்து எதுவும் கூறவில்லை.

மாமாவின் கருத்து நியாயமற்றதன்று. மறுமொழி கூற இயலாதவர்மீது குற்றஞ்சாட்டுதல் அறமாகாது. மேலும், பாட்டனார் கடலுக்குச் சென்றது களிப்புக்காக மட்டுமன்று. அக்குடும்பத்தின் உலையும் அக்கடலையே நம்பியிருந்தது. மறு ஆண்டும் அவர் பயணம் சென்றார் என்பதை நாம் இரக்கமின்றி நோக்குதல் ஆகாது. ஆயினும் குற்றஞ்சாட்டுதல் வேறு, சான்று பகர்தல் வேறு. தாயார் வேண்டியது பின்னதையே.

1976இல் பேர்ணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர் இருவர் ஒழுக்க மதிப்பீட்டில் ஊழுக்குள்ள இடம் பற்றி ஆராய்ந்தனர். ஓவியர் கோகனின் வாழ்வைத் தழுவிய ஓர் எடுத்துக்காட்டை வில்லியம்ஸ் கையாண்டார். குடும்பத்தைத் துறந்து, ஓவியம் தீட்டத் தொலைதீவுக்குச் செல்லும் ஒருவனின் முடிவு தகுமா என்பது, அவன் வெல்வதையும் தோற்பதையும் பொறுத்தே அமைகின்றது; அதனை முன்கூட்டி அறிய அவனுக்கே வழியில்லை. என் பாட்டனார் குடும்பத்தைத் துறந்தவரல்லர். எனினும் அவ்வாய்வு அவருக்கும் பொருந்துவதே. புயலில் அவர் மாண்டிருப்பின் ஊர் அவரைத் துணிச்சலால் அழிந்தவர் என்றிருக்கும். மைந்தன் பிழைத்திருப்பின் அப்பயணம் வீரக்கதையாக மட்டுமே நின்றிருக்கும். இரு நிலையிலும் அவர் செய்த செயல் ஒன்றே. எனவே, புகழ்ச்சி மட்டுமோ பழி மட்டுமோ அவரை அளக்கப் போதா; நிகழ்ந்தது முழுவதையும் கூறுதலே போதும்.

ஒருவர் தக்கவரா அல்லரா என்பது அவரது எச்சத்தால் அறியப்படும் என்று கூறும் வள்ளுவர், அக்கருத்தை மக்கட்பேற்றிலோ புகழிலோ வைக்காது நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துள்ளமை கருதத்தக்கது. எச்சம் என்பதற்கு மக்கள் எனப் பொருள் கொண்டார் பரிமேலழகர். அவ்வாறாயின், பிள்ளைகளும் பேரர்களும் முன்னோரின் புகழுக்கு உரிமை பூண்டோர் மட்டுமல்லர். அவர்தம் வாழ்வுக்குச் சான்றாக நிற்போருமாவர். சான்றாவார் ஒருபாற் கோடுதல் தகாது.

புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை விளிக்குமிடத்து, கடலிற் கலம் செலுத்திக் காற்றின் தொழிலையே ஆண்ட முன்னோனின் வழிவந்தவன் என்கின்றார். கடலோடிய பாட்டனை நினைவுகூரும் மொழி அது. ஆனால் அவர் அத்துடன் நின்றாரல்லர். வெண்ணிப் போரில் அவனிடம் தோற்று, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் அவனினும் நல்லவன் என்று வென்ற வேந்தனின் முகத்துக்கு நேரே கூறுகின்றார். முன்னோரின் பெருமையும் அவ்வெற்றிக்காக மற்றொருவன் கொடுத்த விலையும் ஒரே பாடலில் இடம்பெறுகின்றன. ஒன்று மற்றதைக் குறைத்ததாக அப்பாடலைப் படிப்போர் எவரும் கருதுவதில்லை.

தாயாரும் மாமாவும் இன்று இல்லை. கல்வெட்டின் பிரதியொன்று என்னிடம் பழுப்பேறிக் கிடக்கின்றது. அதனைப் படிக்கும்போதெல்லாம் பாட்டனாரின் கதைகள் முடிந்த இடமே நினைவுக்கு வருகின்றது. கரையேறியதோடு கதை முடிந்தது என்று எண்ணிய எனக்கு, அதற்கப்பால் அவரால் செல்ல இயலாதிருந்தது என்பது காலந்தாழ்த்தியே விளங்கிற்று. அவரது மதிப்பைக் காப்பதாக எண்ணி நாம் விலக்கிய செய்தியோடு அவரது துயரையும் விலக்கிவிட்டோம். அத்துயரின்றி அவர் ஒரு வீரர் மட்டுமே. அதனோடு சேர்த்தே அவர் ஒரு தந்தை.

அக்கல்வெட்டை மீண்டும் எழுதும் வாய்ப்புக் கிடைப்பின், புயலையோ தேக்குமரப் பெட்டியையோ நீக்கமாட்டேன். ஒரு வாக்கியத்தை மட்டும் சேர்ப்பேன்: மனைவியையும் மக்கள் மூவரையும் வீட்டில் விட்டுச் சென்றவர் அவ்வாண்டு கரையேறியபோது, அவரை எதிர்கொள்ள மூவரே நின்றனர்.