திருப்பிக் கொடுக்க வேண்டிய உடம்பு

மமோரு ஓஷி 1995இல் எடுத்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்தின் நாயகி மேஜர் குசனாகிக்கு மூளையில் கொஞ்சம்தான் சொந்தம், மற்றதெல்லாம் இயந்திரம். ஒருநாள் படகில் உட்கார்ந்து சக அதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது அந்த விஷயம் வருகிறது. வேலையை விட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அரசாங்கம் கொடுத்த உடம்பையும் மூளையில் பொருத்திய பாகங்களையும், அவற்றோடு சேர்ந்த நினைவுகளையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சீருடையையும் அடையாள அட்டையையும் ஒப்படைப்பதுபோல. எல்லாம் கொடுத்த பிறகு வாசலைத் தாண்டிப் போவதற்கு யார் மிச்சம் இருப்பார்?

சைபர்பங்க் கதைகள் என்றாலே 'இயந்திரம் கலந்தவர் மனிதர்தானா' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வியைவிட 'அவர் யாருக்குச் சொந்தம்' என்ற கேள்விதான் இந்தக் கதைகளில் அதிகம் உறுத்துகிறது. வில்லியம் கிப்ஸன் 1984இல் எழுதிய 'நியூரோமான்ஸர்' நாவலில், செத்துப்போன ஹேக்கர் ஒருவனின் அறிவும் பேச்சும் பதிவாக ஒரு நிறுவனத்தின் கிடங்கில் இருக்கின்றன. அவனைத் திருடிக்கொண்டு வருகிறார்கள். அவன் கேட்கும் கூலி ஒன்றே ஒன்று: வேலை முடிந்ததும் என்னை அழித்துவிடு. ஓஷியின் படத்தில் வரும் குப்பை வண்டித் தொழிலாளிக்கு வேறு துயரம். தனக்கு மனைவியும் மகளும் இருப்பதாக நம்புகிறார். அவர் காட்டும் புகைப்படத்தில் குழந்தையே இல்லை. யாரோ ஒருவன் தலைக்குள் புகுத்திய பொய் நினைவு அது.

கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, அவனைச் சுற்றிக் கதறிய பசுக்களுக்கு இரங்கி ஒரு யோகி அவன் உடலில் புகுந்தார். பசுக்கள் அமைதியடைந்து வீடு திரும்பின. மூலனின் மனைவிக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை. அவள் நெருங்க, அவர் விலகினார். அவர்கள் ஊரான சாத்தனூரின் பெரியவர்கள் வந்து பார்த்து, உள்ளே இருப்பவரை அவர் போக்கில் விடச் சொன்னார்கள். அந்த மனைவிக்கு நேர்ந்தது நியாயமா என்பது தனி வழக்கு.

இனி இது கதை இல்லை. 'ஆர்கஸ் 2' என்ற விழித்திரைக் கருவிக்கு அமெரிக்கா 2013இல் அனுமதி கொடுத்தது. கண்ணாடியில் ஒரு கேமரா, விழித்திரையில் 60 மின்முனைகள். பார்வையே இல்லாதவருக்கு வெளிச்சப் புள்ளிகளாவது தெரியும். 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். அதைத் தயாரித்த நிறுவனம் 2019இல் கருவியைக் கைவிட்டது. 2020இல் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. பழுது பார்க்க ஆளில்லாத பொருள் அவர்கள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் மூளைக் கருவி ஒன்றை 2010இல் மெல்பர்னில் சோதித்தார்கள். பல ஆண்டுகள் வலிப்போடு மல்லாடிய ஒரு பெண், அதைப் பொருத்திய பிறகு தனியாக வெளியே போகும் துணிச்சல் பெற்றார். கருவியும் தானும் ஒன்று என்றே உணர்ந்தார். அதைத் தயாரித்த நிறுவனத்தில் பணம் தீர்ந்தது. கருவியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கிக்கொள்கிறோம் என்று அவரும் கணவரும் கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சோதனை என்று தெரிந்துதான் அவர் கையெழுத்திட்டார். கவனிப்பாரில்லாத கருவி மண்டைக்குள் இருந்தால் தொற்று வரலாம்; மின்கலம் தீரும். திவாலான நிறுவனத்தை ஆயுள் முழுக்கப் பராமரிக்கச் சொல்வதும் நடக்காத காரியம். ஆனால் பராமரிக்க முடியாது என்பது ஒன்று, பிடுங்கிக்கொள்வேன் என்பது வேறொன்று. முதலாவதற்கு மன்னிப்புண்டு. அப்போதும் கருவியின் வரைபடத்தையும் மென்பொருளையும் மருத்துவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகும் கடமை தீராது. இரண்டாவதற்கு அந்தக் கையெழுத்து போதாது. கையெழுத்திட்ட நாளில் அவர் அந்தக் கருவியோடு ஒருநாள்கூட வாழ்ந்ததில்லை. திருப்பிக் கொடுக்கச் சொன்ன நாளில் இருந்தவர், அந்தக் கருவி உண்டாக்கிய ஆள். முன்னவரின் ஒப்புதலை வைத்துப் பின்னவரை அறுப்பது அறமாகாது. ஆபத்தை எடுத்துச் சொல்லலாம். முடிவு, அதோடு வாழ்பவருடையது. குப்பை வண்டிக்காரர் பொய்மகளை மறக்க விரும்பினாலும், பதிவாகிப்போன ஹேக்கர் அழிய விரும்பினாலும் இதே நியாயம்தான்.

மெல்பர்ன் சோதனையில் கருவி பொருத்திக்கொண்டவர்கள் 15 பேர். எல்லோருக்கும் கடைசியாக அகற்றப்பட்டது அந்தப் பெண்ணுடையது.