பெயரிடுதலும் அறமும்

திருகோணமலைத் துறைமுகத்தினுள் நுழையும் கப்பலொன்று மஞ்சட் கொடியை ஏற்றுமாயின், கப்பலில் நோயில்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி வேண்டும் என்பது அதன் பொருளாகும். மாலுமி கிரேக்கராயினும் சீனராயினும், கரையில் நிற்கும் அதிகாரி தமிழராயினும் சிங்களவராயினும் அப்பொருள் மாறுவதில்லை. பிரித்தானிய வர்த்தகச் சபை 1857இல் வெளியிட்ட சைகைத் தொகுதியின் வழிவந்த ஏற்பாடு இது. ஒரு பொருளுக்கு இன்ன குறியே வழங்கும் என முன்னரே உடன்பட்டு, ஏனையவற்றை விலக்கிவிடும் இம்முறையினை வரையறுத்த சொற்றொகுதி எனலாம்.

அரசாங்க அலுவலகங்களும் இஃதின்றி ஒன்றோடொன்று பேச இயலாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு இலங்கைத் தன்னார்வலர் 'சகானா' என்னும் கணினி முறைமையை உருவாக்கினர். மும்மொழியில் ஊர்ப்பெயர் எழுதும் நாட்டில், ஓர் ஊர் இருவகையாய்ப் பதியப்படின் ஒரு முகாம் இரண்டாகிவிடும். ஒருவர்க்குரிய உணவு எங்கோ போய்ச் சேரும்.

ஆயின் கொடியை ஏற்றும் கப்பற்றலைவன் தன் நிலையைத் தானே கூறுகின்றான். குடிசன மதிப்பீட்டில் மனிதன் விடை கூறுமுன்னரே விடைகளின் பட்டியல் அமைந்துவிடுகின்றது. மூதூர், வெருகல் ஆகிய பகுதிகளின் கரையோரத்தே வாழும் வேடரை நோக்குக. மீன்பிடியும் சேனைப் பயிரும் அவர்தம் தொழில். தமிழே அவர்தம் மொழி. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிற் கரையோர வேடரும் இடம்பெற்றுள்ளனர். அவ்வாண்டின் மதிப்பீடு இலங்கை முழுவதிலும் 5,332 வேடரைக் கண்டது. 1946இல் அத்தொகை 2,361. 2012ஆம் ஆண்டு வெளியான இன அட்டவணையிலோ சிங்களவர் முதல் பரதர் ஈறாக எட்டுப் பெயர்கள் உள, ஒன்பதாவது 'ஏனையோர்'. வேடர் என்ற பெயரே இல்லை.

குறைந்தது மக்களா, சொல்லா? எண்கள் இதற்கு விடை தரமாட்டா. தம்மைத் தமிழரென்றே கூறிக்கொள்ளும் வேடரும் உளர். அவரைத் திருத்த நாம் யார்? இரண்டும் யாம் எனக் கூற விழைபவருக்கு அட்டவணையில் இடமில்லை என்பதே எம் கவலை. எண்ணப்படாத குழுவின் பெயரால் எவரும் நிதி ஒதுக்கார்.

ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒரு வரி வகுப்பின் அட்டவணை பயனற்றுப்போம் என்பர். உண்மையே. பெரும்பான்மையோர்க்குப் பயன்படுவதே முறையென வாதிப்போர்க்கும் இவ்விடத்து வலிமை உண்டு. எனினும் நூலகத்தார் இச்சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்னரே தீர்த்துவிட்டனர். 'திருகோணமலை' என்பதைத் தலைப்பாகக் கொள்ளும் பட்டியலாளர் 'கோகர்ணம்' என்பதை அழித்துவிடுவதில்லை. அப்பெயரின் கீழும் ஓர் அட்டை இட்டு, 'திருகோணமலை காண்க' என எழுதிவைப்பர். விலக்கப்பட்ட பெயரும் தேடிவருபவனுக்கு வழிகாட்டும்.

மனிதரை எண்ணும் திணைக்களம் இதனைச் செய்யலாகாதா? 'ஏனையோர்' என்னும் தொகைக்குள், அல்லது 'இலங்கைத் தமிழர்' என்னும் தொகைக்குள், வீட்டார் தம் வாயாற் கூறிய பெயரும் அழியாது பேணப்படலாம். அட்டவணை சுருக்கமாகவே இருக்கட்டும். அதன் பின்னே மூலச்சொல் கிடக்கட்டும். எழுத்து வேறுபாடுகளையும் இரட்டைப் பெயர்களையும் ஒழுங்குசெய்யும் உழைப்பு சிறிதன்று. மஞ்சட் கொடியின் பொருளை எல்லா நாட்டவரும் உடன்படுதற்கும் சிறிது உழைப்புப் போதவில்லை.