போய் வருகிறேன்



விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் புறப்படும் சமயத்தில் நம் ஜனங்கள் பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். வண்டி ஏறுகிற மகன் "போகிறேன் அம்மா" என்றால் தாயாருக்கு மனம் பொறுக்காது. "போய் வருகிறேன் என்று சொல்லப்பா" என்று உடனே திருத்துவாள். இன்று நம் குடும்பங்களைச் சேர்ந்த பலர் அந்நிய தேசங்களில் ஆசிரியர்களாகவும் நர்சுகளாகவும் தொழிலாளிகளாகவும் பிழைக்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அங்கேயும் ஒருநாள் விடைபெற வேண்டும். அந்த விடை எப்படிப்பட்டதாயிருக்க வேண்டும்?

அர்ச். சின்னப்பர் எபேசு பட்டணத்தில் மூன்று வருஷகாலம் உழைத்தார். அதில் இரண்டு வருஷம் ஒரு பள்ளி மண்டபத்தில் நாள்தோறும் போதித்தார். பின்பு எருசலேமுக்குப் போகும் வழியில், எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்து என்னும் துறைமுகப் பட்டணத்துக்கு வரவழைத்து விடைபெற்றார். அப்போஸ்தலர் நடபடி 20-ம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசித்துப் பாருங்கள். அங்கே மாலையுமில்லை, புகழுரையுமில்லை. அவர் கணக்கு ஒப்புவிக்கிறார். நன்மையானது எதையும் மறைக்காமல் போதித்ததையும், ஒருவருடைய பொன்னுக்கும் ஆசைப்படாமல் சொந்தக் கையால் உழைத்துச் சாப்பிட்டதையும் எடுத்துச் சொல்கிறார். இனித் தம் முகத்தைக் காணமாட்டார்கள் என்றும் அறிவிக்கிறார். அவர்கள் அழுதுகொண்டே கப்பல்மட்டும் கூடப் போனார்கள். "போய் வருகிறேன்" என்று சொல்ல அவருக்கு வழியில்லை. ஆனால் கணக்குச் சுத்தமாயிருந்தது. மீதியைச் சர்வேசுரன் கையில் ஒப்படைத்துவிட்டார்.

இனி, நமக்கு அருகிலுள்ள திண்டிவனத்துக்கு வருவோம். 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்த இடா ஸ்கடர் என்ற பெண், தாயாரின் நோயை முன்னிட்டு 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். தகப்பனார் அங்கே மிஷன் வைத்தியர். அவர்கள் நம் திருச்சபையாரல்லர், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையார். ஆயினும் நன்மையை எங்கே கண்டாலும் அதற்காகச் சர்வேசுரனைத் தோத்தரிப்பது நம் கடமை. இடா அவ்வூரில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கவனித்து வந்தார். தாயார் தேறியதும் அமெரிக்கா திரும்பி, அங்கேயே வாழ்வதென்பது அவருடைய தீர்மானம். விடைபெறும் நாளையே எதிர்பார்த்திருந்தார்.

ஓரிரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண வாலிபர் நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தாள். தமக்கு வைத்தியம் தெரியாதென்றும், தகப்பனாரை அழைத்து வருவதாகவும் இடா சொன்னார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்கலாகாதென்று அவர் திரும்பிப் போய்விட்டார். அதே இரவில் ஓர் இஸ்லாமியரும், மற்றொரு இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து, அப்படியே திரும்பினார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இடா அமெரிக்காவுக்குப் போனது மெய்தான். ஆனால் அவர் சொன்னது "போய் வருகிறேன்" என்பதாயிற்று. வைத்தியம் கற்று 1899-ல் கார்னெல் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கியது. 1960-ல் கொடைக்கானலில் மரிக்கும்வரை இந்நாடே அவருக்கு வீடாயிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஒருவராவது இல்லாத தெரு நம் ஊர்களில் உண்டா?

அந்த மூன்று பெண்களின் உயிரை அவரால் திருப்பித்தர முடியவில்லை. தம்மிடம் இல்லாதது எது என்பதை மட்டும் அந்த இரவில் அறிந்துகொண்டார். அறிந்ததை மறக்காமல், அதைத் தேடிக்கொண்டுவரப் புறப்பட்டார்.

பெற்றோரே, அந்நிய தேசத்திலிருந்து பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, "எவ்வளவு சேர்த்தாய்? எப்போது வருகிறாய்?" என்று கேட்கிறோம். கேட்பது தவறல்ல, கடனும் கலியாணச் செலவும் நமக்கு உண்டு. இவ்வாரம் இன்னும் ஒன்று கேளுங்கள்: "அங்கே உன் கதவை யார் தட்டினார்கள்? நீ என்ன செய்தாய்?" பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, திரும்பிப் போக வழியிருந்தாலும் இல்லாவிட்டாலும், சுத்தமான கணக்கோடு விடைபெறுவான்.

நாம் எல்லாரும் இவ்வுலகத்தை விட்டு விடைபெறும் நாளிலும் நம் கணக்கு அப்படியே இருக்கும்படி மன்றாடுவோமாக. ஆமென்.