பாகம் மாறினால் கார் மாறுமா?

1929-ஆம் ஆண்டு பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலாவதாக வந்த பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காருக்கு 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்கினும் மாறி மாறி ஓட்டினார்கள். மறு ஆண்டு பர்னாட்டோ, கிளென் கிட்ஸ்டனோடு சேர்ந்து, அதே காரில் மீண்டும் வென்றார். 'அதே காரில்' என்று எளிதாக எழுதிவிடுகிறோம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. ஓல்ட் நம்பர் ஒன்னை 1 கோடி பவுண்டுக்கு வாங்க 1990-இல் ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம், இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் இல்லை என்று வாதிட்டது. நீதிபதி ஆட்டன் காரின் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். 1929-இல் ஓடிய காரிலிருந்து, காலம் கணிக்க முடியாத சில சில்லறைப் பொருத்துகளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 1930-இன் காரிலிருந்து எஞ்சியவை பெடல் தண்டு, கியர்பாக்ஸின் உறை, ஸ்டீயரிங் தண்டு என மூன்றே மூன்று. சேஸியும் முன் அச்சும் 8 லிட்டர் எஞ்சினும் 1932-இல் ஓடிய வடிவத்தைச் சேர்ந்தவை. அந்த ஆண்டு புரூக்லண்ட்ஸில் நடந்த 500 மைல் பந்தயத்தில் கார் ஓடுதளத்தின் சரிந்த கரையைத் தாண்டிப் பாய்ந்தது. ஓட்டிவந்த கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பிறகு அதைச் செப்பனிட்டு, மேலே கூரையுள்ள கூப்பே உடலைப் பொருத்தினார்கள். இத்தனையும் தெரிந்த பிறகும், ஓல்ட் நம்பர் ஒன் என்ற பெயர் இந்தக் காருக்கே உரியது என்று ஆட்டன் தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அதற்கான காரணத்தை இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஓர் உரையாடலில் தேடலாம். மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில், கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி கேட்கிறார்: நீ ஏறி வந்த தேரில் தேர் எது? அச்சா, சக்கரமா, நுகமா? எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டி வைத்தால் தேரா? அதுவும் இல்லை. இவற்றைத் தள்ளிவிட்டு வேறு ஏதாவது உண்டா? அரசன் இல்லை என்கிறான். தேர் என்பது பாகங்களைச் சார்ந்து எழும் ஒரு பெயர் என்ற முடிவுக்கு இருவரும் வருகிறார்கள். இத்தோடு விட்டால் பெயர் வெறும் ஒலியாகிவிடும். ஆனால் அதே நூலில் இரவு முழுதும் எரியும் விளக்கைப் பற்றியும் பேச்சு வருகிறது. முதல் சாமத்தின் சுடரும் கடைசிச் சாமத்தின் சுடரும் ஒன்றல்ல. வேறு வேறும் அல்ல. முந்தையதைப் பற்றிக்கொண்டே அடுத்தது எரிகிறது. ஓல்ட் நம்பர் ஒன் விஷயமும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பாகமும், ஏற்கெனவே அந்தப் பெயரைத் தாங்கி நின்ற ஒரு காருக்குள், அது தொடர்ந்து ஓடுவதற்காகப் பொருத்தப்பட்டது. கார் ஒரு நாளும் கைவிடப்படவில்லை, அழிக்கப்படவுமில்லை.

பொருள் முக்கியமில்லை என்றால் புதிதாகச் செய்த நகலும் போதுமே என்று கேட்கலாம். போதாது. நகலின் பாகங்கள் வரைபடத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. லெ மானில் ஓடிய எதற்கும் அவை வாரிசு ஆவதில்லை. எதிர்த் திசையிலிருந்தும் இதைச் சோதிக்கலாம். சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா அருகே, மஜோரே ஏரிக்குள் 50 மீட்டருக்கும் கீழே பல பத்தாண்டுகள் கிடந்த 1925-ஆம் ஆண்டுப் புகாட்டி பிரெஸ்கியா ஒன்றை 2009-இல் மேலே தூக்கினார்கள். ஒரு பக்கம் பெரும்பகுதி அரித்துப் போயிருந்தது. பிறகு அதை வாங்கிய கலிஃபோர்னியாவின் முல்லின் அருங்காட்சியகம் துருவைக்கூடச் சுரண்டாமல் அப்படியே காட்சிக்கு வைத்தது. பொருள் பழையது, தொடர்ச்சிதான் அறுந்தது. ஓல்ட் நம்பர் ஒன்னுக்கு நேர் எதிர். புகாட்டிக்குப் புதுச் சேஸியும் புது எஞ்சினும் பூட்டி ஓடவிட்டிருந்தால், ஏரியில் கிடந்த காலத்தை அழித்திருப்பார்களே தவிர, 1925-இன் கார் திரும்பியிருக்காது. முல்லின் செய்ததே சரி.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸுடையது. கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்ற, கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? பந்தயக் கார் உலகில் இது கற்பனை அல்ல. விபத்துக்குப் பின் சேஸி ஒருவரிடமும் எஞ்சின் இன்னொருவரிடமும் போய், இரண்டைச் சுற்றியும் இரண்டு கார்கள் எழுந்து, ஒரே சேஸி எண்ணுக்கு உரிமை கோருவதுண்டு. தொடர்ச்சி மட்டும் இந்த வழக்கைத் தீர்க்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டனும் இதை உணர்ந்தே, இந்தப் பெயருக்கு வேறெந்தக் காரும் போட்டிக்கு வரவில்லை என்பதைக் கணக்கில் எடுத்தார். போட்டி வந்திருந்தால் தனி வாரிசு இல்லை என்று சொல்வதே நேர்மையாக இருந்திருக்கும். இதனால் வாதம் உடைந்துவிடாது. ஒரு பொருளின் அடையாளம் அதன் உள்ளே மட்டும் இருப்பதில்லை, அதைச் சுற்றி நடந்தவற்றிலும் இருக்கிறது என்பதே இங்கே தெளிவாகிறது.

ஆகவே பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் மேல் ஒரு கடமை விழுகிறது. உரிமை தொடர்ச்சியிலிருந்து வருமானால், வெற்றி பெற்ற ஆண்டின் தோற்றத்துக்காக இடைக்காலப் பாகங்களைக் கழற்றி வீசுவது, தனக்கு உரிமை தந்த ஆதாரத்தைத் தானே அழிப்பதாகும். டன்ஃபி இறந்த 1932-உம் ஓல்ட் நம்பர் ஒன்னின் வரலாறுதான். பர்னாட்டோவின் இரண்டு வெற்றிகள் மட்டும் அல்ல. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், வாகனம் தன் வாழ்நாளில் கண்ட மாற்றங்களை மதிக்கவும், செய்யும் வேலைகளை ஆவணப்படுத்தவும் சொல்கிறது. பட்டறையில் ஸ்பானரைக் கையில் எடுப்பவர்கள் புதுப் பாகத்தில் ஆண்டைப் பொறியுங்கள். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று எழுதிவையுங்கள். கழற்றிய பழையதை எடைக்குப் போடாமல் காரோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள்.