மூடிய பின்னும் இருப்பது

நான் சொந்தமாகக் கார் வாங்கியதில்லை. ஆனால் ஒரு காரைக் கட்டியிருக்கிறேன். அதன் நீளம் 56 சென்டிமீட்டர். அது பெட்ரோல் கேட்பதில்லை, வரி கேட்பதில்லை. புத்தக அலமாரியின் மேல் நின்றபடி, வீட்டுக்கு வருகிற பெரியவர்களை ஒரு நிமிஷமாவது குழந்தைகளாக்கி அனுப்புகிறது.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்றொரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்ஸன் என்ற தச்சர் 1932-ல் மர விளையாட்டுச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்துத் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயர் வைத்தார். அந்த நிறுவனம் 2018-ல் புகாட்டி ஷிரான் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் எட்டில் ஒரு பங்கு மாதிரியை வெளியிட்டது. மொத்தம் 3,599 துண்டுகள். அசல் காரின் எஞ்ஜினில் 16 சிலிண்டர்கள். 1,500 குதிரைச் சக்தி. மாதிரியிலும் பிஸ்டன்கள் உண்டு. காரைத் தள்ளினால் அவை ஏறி இறங்குகின்றன. எட்டு கியர்களும் உண்டு.

இந்த கியர் பெட்டியைக் கட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. அச்சு, பற்சக்கரம், மறுபடியும் அச்சு, மறுபடியும் பற்சக்கரம் என்று மாலைப் பொழுதுகள் கரைந்துபோகும். அவ்வளவும் முடிந்த பிறகு அதன்மேல் இருக்கைகள் வரும், கதவுகள் வரும், நீல நிற மேல் உடல் வந்து மூடிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் அந்த நீலத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நண்பர் வந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, “உள்ளே ஒரு சக்கரம் இடம் மாறியிருந்தால் யாருக்கு ஸார் தெரியப்போகிறது? இது ரோட்டில் ஓடவா போகிறது?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் மனிதன் தன் வாழ்நாளில் தனக்குள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி அதுவே அல்லவா? யாருக்குத் தெரியப்போகிறது?

நிஜமான காரில் இந்தக் கேள்வி எழாது. அங்கே ஒரு பற்சக்கரம் தவறினால் உயிர் போகும். பயம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பரிசோதகர் இருக்கிறார். பொம்மைக்கோ இவற்றில் ஒன்றும் கிடையாது. அதனாலேயே பொம்மை கடுமையான பரீட்சையாகிவிடுகிறது. பயம் இல்லாத இடத்தில்தான், நேர்மை தன் சொந்தக் காலில் நிற்கிறதா, பிறர் பிடித்து நிறுத்தியிருக்கிறார்களா என்பது தெரியும்.

“கடவுள் பார்க்கிறார்” என்று சிலர் விடை சொல்வார்கள். “மனச்சாட்சி பார்க்கிறது” என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டு விடைகளிலும் பார்க்கிற ஒருவர் தேவைப்படுகிறார். கண்காணிப்பு இருப்பதால் வருகிற ஒழுங்குக்குக் காவல் என்று வேண்டுமானால் பெயர் வைக்கலாம். அதுமட்டுமல்ல, மறைவில் ஒழுங்காக இருக்கிறேன் என்று தனக்குத் தானே மெச்சிக்கொள்வதிலும் ஓர் ஆணவம் உண்டு. மேடையில் கைதட்டல் வாங்குகிறவனாவது பிறருடைய கைகளை நம்புகிறான். இவன் தன் கைகளாலேயே தட்டிக்கொள்கிறான்.

வேறு விடை உண்டா? கட்டைகளையே கேட்டுப் பார்க்கலாம்.

அதே 2018-ல் அந்த நிறுவனத்தார் முழு அளவிலும் ஒரு ஷிரான் காரைக் கட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான துண்டுகள். எடை 1,500 கிலோ. 2,304 சின்னஞ்சிறு மோட்டார்கள் அதை மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டின. அத்தனை துண்டுகளையும் ஒட்டுவதற்குப் பசை கிடையாது. துண்டுகள் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு நின்றன. வெளியே தெரிகிறதை உள்ளே தெரியாதது தாங்குகிறது. குடும்பத்திலும் அப்படித்தான்; ஊரிலும் அப்படித்தான்.

ஆனால் இது பாதி விடை. நண்பர் விடமாட்டார். “ஒரு பற்சக்கரம் மாறினால் கார் இடிந்தா விழும்?” என்பார். விழாது. மேலே நீலம் பளபளத்துக்கொண்டுதான் இருக்கும்.

மீதிப் பாதியை ஒரு சாதாரணக் கட்டையில் கண்டேன். இந்தக் கட்டையின் அமைப்புக்கு 1958-ல் உரிமை பதிவு செய்தார்கள். அந்த வருஷத்துக் கட்டை இன்றைய கட்டையோடு பொருந்துகிறது. ஒரு மயிரிழை கூடினால் இறுகும், குறைந்தால் கழன்றுவிடும். இந்தத் துல்லியத்துக்காக அச்சு வார்த்தவர் யார், அளந்து பார்த்தவர் யார்? எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. நான் அவர்களைப் புகழப்போவதில்லை என்று தெரிந்தே அவர்கள் சரியாகச் செய்தார்கள். என் விரலில் 'கிளிக்' என்று பொருந்துகிற ஒவ்வொரு துண்டும், காணாத ஒருவர் எனக்குச் செய்த நியாயம்.

அப்படியானால் நான் உள்ளே வைக்கும் பற்சக்கரம் பெருமைக்கானது அல்ல, பட்ட கடனுக்கானது. அந்தக் கடனைக் கொடுத்தவரிடம் திருப்பித் தர வழியில்லை. அடுத்தவரிடம்தான் தர முடியும்.

அந்த அடுத்தவர் யார்? ஒட்டப்படாத பொருளுக்கு ஒரு விதி உண்டு: என்றைக்காவது அதை ஒருவர் பிரிப்பார். அது எனக்குப் பின்னால் வரும் யாரோ ஒரு குழந்தையாக இருக்கலாம். நீல உடலைக் கழற்றி, உள்ளே எப்படி ஓடுகிறது என்று விரலால் சுழற்றிப் பார்க்கும். அப்போது எட்டு கியரும் ஒன்றன்பின் ஒன்றாக, சொன்னபடி திரும்ப வேண்டும். கட்டியவன் யார் என்று அந்தக் குழந்தை கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.