விளையாட்டும் வினையும்

'விளையாட்டு வினையாகும்' என்பது நம் வீடுகளில் பெரும்பாலும் அதட்டலாகவே வழங்கிவரும் பழமொழி. மாடிப்படியில் துள்ளிக் குதிக்கும் பேரனைப் பார்த்துப் பாட்டி சொல்வார். பேரன் நின்றதும் பழமொழியின் வேலையும் முடிந்துவிடும். ஆயினும் அதனுள் ஓர் அறவியல் வினா அடங்கியிருப்பதை நாம் நின்று நோக்குவதில்லை. விளையாட்டில் ஒருவன் செய்வது வினைதானா? அன்றி, வினையின் நிழல் மட்டுமா? நிழல் எனின், அதற்கு நன்மை தீமை உண்டோ? நம் வீட்டு இளைஞன் கணினித் திரையின் முன்னும் கைப்பேசியின் முன்னும் கழிக்கும் பொழுதை எண்ணுங்கால், இவ்வினா ஏட்டுச் சுரைக்காயாக இராமல் நம் கூடத்திலேயே வந்து அமர்ந்துவிடுகிறது.

தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் அவ்விளைஞனின் மாலைப்பொழுது ஏறத்தாழ ஒரே வகையாகத்தான் கழிகிறது. கல்லூரியிலிருந்து வருகிறான். சிற்றுண்டி உண்டபடியே புதிதாக வெளிவந்த கிராபிக்ஸ் கார்டின் விலையைப் படித்துப் பெருமூச்சு விடுகிறான்; வரவிருக்கும் ஆங்கிலப் படமொன்றின் முன்னோட்டத்தை நண்பனுக்கு அனுப்புகிறான். இருட்டியதும் ஹெட்போன் காதில் ஏறுகிறது, கதவு சாத்தப்படுகிறது. வீட்டில் தமிழில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை கூறும் பிள்ளை, அங்கே ஒருவனோடு இந்தியிலும், மற்றொருவனோடு மராத்தியிலும், திருநெல்வேலியில் இருக்கும் அத்தை மகனோடு (நம்பினால் நம்புங்கள்) தமிழிலும் உரையாடுகிறான். அறையைக் கடந்து செல்லும் தாத்தாவின் கண்ணுக்குப் படுவதோ திரையில் நீளும் துப்பாக்கி ஒன்றே. 'பொழுது சாய்ந்தால் போதும், நாலு பேரைச் சுட்டுக்கொண்டிருக்கிறான்' என்று அவர் வருந்துகிறார்.

இவ்வருத்தம் புதியதன்று. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு 'டெத் ரேஸ்' என்னும் விளையாட்டு வந்தபோது, குச்சி உருவங்களை வண்டி ஏற்றிச் சிதைக்கும் அதன் போக்கைக் கண்டு ஊரார் கொதித்தனர். 1992இல் வந்த 'மார்ட்டல் காம்பாட்' பற்றி அடுத்த ஆண்டே அந்நாட்டு மேலவையில் விசாரணை நடந்தது. அதன் விளைவாக 1994இல் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் முறை ஏற்பட்டது. இவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே, கவிஞர்கள் தீய மாந்தரைப் போன்று நடித்துக் காட்டுவது இளைஞர் உள்ளத்தைக் கெடுக்கும் என்று கிரேக்க நாட்டுப் பிளேட்டோ கவலையுற்றார். அவர் மாணவர் அரிஸ்டாட்டிலோ, அச்சத்தையும் இரக்கத்தையும் மேடையில் கண்டு மக்கள் உள்ளம் தூய்மை அடைகிறது என்றார். ஆசானும் மாணவரும் மூட்டிய அவ்வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. அமெரிக்க உளவியல் கழகம் 2020இல் கூறியதை மட்டும் ஈண்டுக் குறிப்போம்: வன்மை மிகுந்த விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனங்களுக்கும் சிறிதளவு தொடர்பு காணப்படுகிறது, ஆனால் அவ்விளையாட்டுகளே கொலை முதலிய கொடுஞ்செயல்களுக்குக் காரணம் என்று சொல்லச் சான்று போதாது.

எனவே தாத்தாவின் கண்ணுக்குப் பட்ட துப்பாக்கியை முதலில் விலக்கி வைப்போம். ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டை வெட்டுகிறது. சதுரங்கத்தில் யானை வெட்டுண்கிறது. எவரும் அதனைக் கொலை என்பதில்லை. இரு தரத்தாரும் இசைந்து நுழைந்த களத்தில், வீழ்ந்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்து நிற்கிறான். தொல்காப்பியரும் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தாரே அன்றி, அதனைக் குற்றத்தின் பட்டியலில் சேர்த்தாரில்லை.

ஆனால், அவ்வளவு எளிதாகக் கைகழுவிவிடவும் நம் மரபு இடம் தருவதில்லை. தொண்டை மண்டலத்துத் துரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தைக் கண்டவர் அறிவர். துகிலுரியும் காட்சி தொடங்குமுன், துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி அன்னையிடம் பொறுத்தருள வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவர் செய்யப்போவது நடிப்பு என்பது அவருக்கும் தெரியும், கூட்டத்திற்கும் தெரியும். பின் எதற்காக அவ்வேண்டுதல்? நடிப்பில் செய்வது செயல் அன்றாயினும், கை அதனைச் செய்யும்போது உள்ளம் அங்கே இல்லாமற் போவதில்லை என்பதை அக்கலைஞர் உணர்ந்திருக்கிறார். அந்த நாணம் அவரிடம் இருக்கும்வரை கூத்துக்கும் கேடில்லை, கூத்தாடுபவருக்கும் கேடில்லை.

இதே நாணத்தை இளைஞரிடம் எழுப்பும் விளையாட்டுகளும் உண்டு என்றால் பெரியோர் வியப்பர். போலந்து நாட்டு வார்சாவில் உருவாகி 2014இல் வெளிவந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' அத்தகையது. சரயேவோ நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகையில் பட்ட துயரை அடியொற்றியது. இதில் ஆடுபவன் போர்வீரன் அல்லன். இடிந்த வீட்டில் பசியோடும் குளிரோடும் உயிர் பிழைக்க முயலும் எளிய குடிமக்களே அவன் பொறுப்பில் உள்ளவர்கள். இரவில் உணவு தேடிச் செல்லும்போது முதிய தம்பதியர் வாழும் ஒரு வீடு எதிர்ப்படுகிறது. அவர்கள் எதிர்த்துப் போரிட வல்லவர் அல்லர். அவர்களின் உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டால் தன்னவர்கள் பிழைப்பர். எடுத்தாலோ, திரும்பி வந்தபின் எடுத்தவன் மனம் உடைந்து கிடக்கிறான். அந்தக் கிழவரும் கிழவியும் வெறும் ஒளிப்புள்ளிகளே. ஆயினும் பொத்தானை அழுத்தத் தயங்கும் விரல் உண்மையான விரல் அன்றோ? 2020இல் போலந்து அரசு இவ்விளையாட்டைப் பள்ளி மாணவர்க்கான படிப்புப் பட்டியலில் சேர்க்கப்போவதாக அறிவித்தது.

ஆகவே திரைக்குள் வீழும் உருவங்களை நோக்கி நிகழ்வன பெரும்பாலும் நிழல்வினைகள். ஆனால் அதே ஆட்டத்தில், அதே மணி நேரத்தில், ஐயத்திற்கு இடமில்லாத மெய்வினைகள் பல நடக்கின்றன. அவை தாத்தாவின் கண்ணுக்குப் படாதவை. நாம் பேசவேண்டியது அவற்றைப் பற்றியே.

இரவு ஒன்பது மணிக்கு அம்மா உண்ண அழைக்கிறார். 'ஐந்து நிமிடம்' என்கிறான் மகன். அரைமணி கழிகிறது. இதனைக் கீழ்ப்படியாமை என்று முடித்துவிடுவது எளிது. 'வாலோரண்ட்' போன்ற ஆட்டங்களில் அணிக்கு ஐவர். முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணிக்கே வெற்றி. ஓர் ஆட்டம் முடிய அரைமணிக்கு மேல் ஆகும். நடுவில் நினைத்தபோது நிறுத்தி வைக்க இயலாது. ஒருவன் எழுந்து சென்றால் ஏனைய நால்வரும் ஆள் குறைந்து தோற்பர். விட்டுச் சென்றவனுக்குத் தண்டமும் உண்டு. எனவே அவன் இரண்டு கடமைகளுக்கு இடையே நிற்கிறான். சூடு ஆறும் சோற்றின் முன் காத்திருக்கும் தாய்க்கு ஒரு கடன். அவனை நம்பிக் களத்தில் நிற்கும் நால்வருக்கு ஒரு கடன். அந்நால்வரை நட்டாற்றில் விட்டு எழாத மகனிடம் ஒரு பண்பு இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். அவன் தவறியது எழ மறுத்த பொழுதில் அன்று. ஒன்பதுக்கு உணவு என்று தெரிந்திருந்தும் எட்டு ஐம்பதுக்குப் புதிய ஆட்டத்தைத் தொடங்கிய பொழுதில். கடிய வேண்டியவர்கள் அந்த நொடியைக் கண்டு கடிதல் நன்று. ஒன்பதே காலுக்கு மின்சாரத்தை நிறுத்தும் தந்தை, நால்வருக்கு அளித்த வாக்கை முறிக்கத் தன் மகனுக்குப் பயிற்சி தருகிறார்.

ஏமாற்றுதலும் அத்தகைய மெய்வினையே. 2018இல் ஷாங்காய் நகரில் நடந்த 'கவுண்டர் ஸ்டிரைக்' ஆசியப் போட்டியில் இந்திய அணியின் ஆட்டக்காரர் ஒருவர், குறி தவறாமல் சுட உதவும் கள்ள நிரல் ஒன்றைத் தம் கணினியில் மறைத்து வைத்திருந்தது பிடிபட்டது. எழுத்து வேலைக்கான மென்பொருளின் பெயரை அந்நிரலுக்குச் சூட்டியிருந்தார். அணி தகுதி இழந்தது, பின்னர்க் கலைக்கப்பட்டது, அவர் ஐந்தாண்டுகள் விலக்கி வைக்கப்பட்டார். திரையில் செத்தவர் எவரும் சாகவில்லை. ஆனால் உடன் ஆடிய நால்வரின் பல்லாண்டு உழைப்பு ஒரே பிற்பகலில் உண்மையாகவே அழிந்தது.

இனி, ஹெட்போன் வழியே செல்லும் சொற்கள். முகம் தெரியாது என்னும் துணிவில் அங்கே பேசப்படும் பேச்சைப் பெற்றோர் ஒருநாள் கேட்டால் திகைப்பர். பெண் குரல் கேட்டதும் தொடங்கும் இழிமொழிக்கு அஞ்சி, ஆட வரும் பெண்கள் பலர் வாய் திறவாமலே ஆடுகின்றனர். 'மதராஸி' என்னும் சொல்லைப் பம்பாயின் தெருக்களிலும் தில்லியின் பேருந்துகளிலும் கேட்டு மனம் கசந்த தலைமுறை நம்முடையது. இன்று அச்சொல் நம் பிள்ளையின் காதில் ஹெட்போன் வழியே விழுகிறது. அவன் திருப்பிச் சொல்வது என்ன? பீகாரிலிருந்து ஆடும் ஒரு சிறுவனை அவன் என்ன பெயரிட்டு அழைக்கிறான்? சுட்ட குண்டு நிழல். சொன்ன சொல் நிழலன்று. கேட்டவன் அதனோடுதான் உறங்கப் போகிறான்.

மெய்வினை தீயதாக மட்டுமே இருக்கும் என்பதும் இல்லை. நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்பவர் டூஷென் என்னும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2014இல் 25ஆம் வயதில் மறைந்தார். நட்பும் காதலும் இன்னதென அறியாமலே மகன் போய்விட்டானே என்று பெற்றோர் ஏங்கினர். அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு வலைப்பூவில் மறைவுச் செய்தியை வெளியிட்டார் தந்தை. அறியாத பெயர்களிலிருந்து மடல்கள் வரத் தொடங்கின. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் 'இபலின்' என்னும் வீரனாக அவர் ஆண்டுக்கணக்கில் பலரோடு வாழ்ந்திருந்தார். துயருற்றவர்க்குச் செவி கொடுத்தார். தன் மகனோடு பேச வழியறியாது கலங்கிய ஒரு தாய்க்கு வழி கூறினார். சிலரை மனம் நோகவும் செய்தார். பல நாடுகளிலிருந்து நண்பர்கள் இறுதிச் சடங்கிற்கு வந்து நின்றபோதுதான் பெற்றோர் தம் மகனை அறிந்தனர். இவ்வரலாறு 2024இல் ஆவணப்படமாக வெளிவந்தது. வேற்றூரில் பிள்ளைகளை வளர்ப்போர் குடும்பத்தோடு காணத்தக்க படம் அது. சாத்திய கதவுக்கு அப்பால் மகனுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டறியாத வீடு நார்வேயில் மட்டுமா இருக்கிறது?

கடைசியாகப் பணம். தருமன் பகடை உருட்டியது விளையாட்டுத்தான். ஆனால் பந்தயமாக வைத்தவை நாடும் தம்பியரும் மனைவியும். திருவள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின் விளையாட்டுப் போட்டிகளை அவற்றினின்று பிரித்துச் சட்டம் இயற்றியதும் இவ்வேறுபாட்டைக் கருதியே. ஆனால் சூது என்று பெயர் சூட்டிக்கொள்ளாமலே வரும் சூதும் உண்டு. விளையாட்டினுள் ஒரு பேழை. காசு கொடுத்தால் திறக்கும். உள்ளே அரிய வாள் இருக்கலாம், உதவாத தொப்பியும் இருக்கலாம். பெல்ஜியம் நாட்டின் ஆணையம் 2018இல் இத்தகைய பேழைகள் சூதாட்டமே என்று தீர்ப்புக் கூறியது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில், குழப்பும் வகையில் அமைந்த பொத்தான்களால் விரும்பாத பொருள்களை வாங்க நேர்ந்ததும், பெற்றோர் இசைவின்றியே பிள்ளைகள் பணம் செலவிட முடிந்ததும் பற்றி அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. அதன் முடிவில் அந்நிறுவனம் 24.5 கோடி டாலரை வாங்கியவர்க்குத் திருப்பித் தருவதற்காகச் செலுத்த இசைந்ததாக 2022 டிசம்பரில் ஆணையம் அறிவித்தது.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் தந்தையின் கணக்கிலிருந்து இரண்டாயிரம் ரூபாயைத் தொலைத்தான் என்றால், வீட்டில் அடி விழுவது அவனுக்கு. அவன் செய்தது வினைதான், மறுப்பதற்கில்லை. எனினும் அப்பொத்தானை அவன் கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைத்தவர் வேறொருவர். விளையாட்டு நிறுவனங்கள் பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் இருக்கின்றன. அங்கே பணிபுரிவோரில் நம் சங்கத்துக் குடும்பங்களைப் போன்ற குடும்பங்களில் வளர்ந்து, பொங்கல் விழாவில் திருக்குறள் ஒப்பித்துப் பரிசு பெற்ற பிள்ளைகளும் இருப்பர். பேழை திறக்கும்போது எத்தனை நொடி ஒளி சுழல வேண்டும், அரிய பொருள் எத்தனை முறைக்கு ஒரு முறை கிட்ட வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் அமர்ந்து முடிவு செய்பவர் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. அவர் அலுவலக நேரத்தில், மாத ஊதியத்திற்கு, வேலை செய்துகொண்டிருக்கிறார்.